கந்தகத்தையும் சணலையும் கொண்டு அலையை ஆராய்ந்தவர்



திருவெறும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, எறும்பீசுவரர் மலையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது மைக்ரோவேவ் லேப்தான். கிளைஸ்ட்ரான் பெஞ்ச், மூன்று சென்டிமீட்டர் அலை ஓடும் அந்தச் செவ்வகக் குழாய்! அதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னோடி கல்கத்தாவில் ஒரு கல்லூரி வாத்தியார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் பயின்று திரும்பி, 1885-ல் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷம் சம்பளத்தையே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது. வீட்டில் அப்பாவின் கடன் இருந்தபோது இதைச் செய்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆராய்ச்சிக்கு வசதி என்று சொல்ல எதுவும் இல்லை. ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் நீளமானவை. மேஜைமேல் வைத்து ஆராய முடியாதவை. போஸ் அவற்றை மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார். 1895-ல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் தூரத்தில் மணி அடிக்க வைத்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதே கருவிகளைக் காட்டினார். அலையை வெளிவிட உலோகக் குழாய், வாங்கிக்கொள்ள வாய் அகன்ற ஹாரன், குவிக்கக் கந்தக லென்ஸ்! ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகினால் அலையைத் தளவிளைவு செய்யும் கருவி ரெடி. முறுக்கிய சணல் கொண்டு அந்தத் தளத்தையே திருப்பிக் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1897-ல் அவர் செய்த இன்னொரு சோதனை. இரண்டு கண்ணாடி முப்பட்டகங்கள், நடுவே காற்று இடைவெளி. முழு அக எதிரொளிப்பு நடப்பதால் அலை அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆனால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் அலை கசிந்து போய்விடுகிறது! போகக் கூடாததைப் பிழை என்று ஒதுக்காமல், இடைவெளி எவ்வளவு என்று அளந்தார் அவர்.

இங்கேதான் என் கதையும் வருகிறது. என் ப்ராஜெக்டில் வேவ்கைடுக்குள் மின்கடத்தாப் பொருளால் ஆன தண்டு ஒன்றை வைத்து மோடுகளைக் கணக்கிட்டேன். ஆற்றல் இழப்பே இல்லாத குழாயில் மோடு ஒன்று முன்னேறும், அல்லது தேய்ந்து போகும். இரண்டே வகை என்று படித்திருந்தோம். கம்ப்யூட்டர் தாளில் கலப்பெண் மூலங்கள் ஜோடி ஜோடியாக வந்தன. புரோகிராமில் தப்பு என்று பேனாவால் அடித்துவிட்டேன். அதன்பின் கணக்கு லேப் அளவோடு ஒத்துவரவே இல்லை. அரைகுறை ரிப்போர்ட்தான் கொடுத்தேன்.

அவை நிஜமான மோடுகள்! 1960-களிலேயே ஆய்வாளர்கள் கண்டவை. அலைந்துகொண்டே தேய்பவை. தண்டுக்குள் ஆற்றல் ஒரு திசையில் போகும், சுற்றியுள்ள காற்றுப் பகுதியில் எதிர்த்திசையில் வரும். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். அவற்றை விட்டுவிட்டால் தண்டு தொடங்கும் இடத்துக் கணக்கு பிசகிவிடும். போஸ் இந்த மோடுகளைப் பார்த்தவரில்லை. ஆனால் எதிர்பாராததை அளந்து பார்க்கும் அவர் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் அந்தப் பேனாவை மூடி வைத்திருப்பேன்.

கலீனா படிகத்தால் ஆன அவரது உணர்கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதை அவர் காசாக்கவில்லை. பிறகு செடிகொடிகளின் உணர்வு பக்கம் திரும்பினார். 1917-ல் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் மறைந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்காவில் வேவ்கைடு மறுபடியும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, விடை விநோதமாக வந்தால் உடனே அடித்துவிடாதீர்கள். இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.