இறந்து 58 ஆண்டுக்குப் பின் பட்டம்! உலக வீரரை மடக்கிய சுல்தான்கான்

உலக செஸ் சாம்பியனாக இருந்தவர் கியூபா நாட்டு காபபிளாங்கா. அவரையே மண்ணைக் கவ்வ வைத்தவர், பஞ்சாப் கிராமத்துக்காரர் மீர் சுல்தான்கான்.

பிறந்தது மித்தா திவானா என்ற ஊரில். அப்பாவிடம் ஆட்டம் கற்றார். 1928-ல் அகில இந்திய சாம்பியன். மறு வருடம் சர் உமர் ஹயாத்கான் என்ற ஜமீன்தார் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார்.

அங்கேதான் சிக்கல். நம் நாட்டு பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நகரும். வெள்ளைக்காரர் ஆட்டத்தில் இரண்டு கட்டம் பாயலாம். அதனால் ஆட்டத்தை தொடங்கும் விதமே சுல்தான்கானுக்கு புதுசு. ஆனாலும் 1929-லேயே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை தட்டிக்கொண்டு போனார்! 1932, 1933-லும் அவரே.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவுடன் மோதினார். இவருக்கு வெள்ளைக் காய். 5-வது நகர்த்தலில் ராணி பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். எதிராளியின் மந்திரி வந்து இவர் குதிரையை மடக்கும் வழி அடைபட்டது. பிறகு ராணியை கொடுத்து 2 யானைகளை வெட்டினார். 65-வது நகர்த்தலோடு காபபிளாங்கா அவுட்!

அந்த ஓரச் சிப்பாய் தொடக்கத்தை பின்னாளில் ஆடியவர் சோவியத் வீரர் பெட்ரோசியன். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

1933 கடைசியில் ஜமீன்தாரோடு ஊர் திரும்பிய சுல்தான்கான், மறுபடி ஐரோப்பாவில் ஆடவே இல்லை. 1966-ல் பாகிஸ்தானில் காசநோயால் இறந்தார். உலக செஸ் சம்மேளனம் அவருக்கு கவுரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல்தான்.