சிங்கத்தைத் தொட்ட பாரதி, யானையிடம் அடிபட்ட பாரதி: இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

பாரதியார் எப்படி இறந்தார் என்று கேட்டால், யானை மிதித்து இறந்தார் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனா, அது சரியில்லை. உண்மையில் என்ன நடந்தது? புலி, சிங்கம் போன்ற பெரிய பூனைகளை வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்க்கலாம்.

எட்டயபுரத்துச் சிறுவன்

கோவில்பட்டியை அடுத்த கரிசல் பூமியான எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ம் தேதி சின்னசாமி ஐயர், லட்சுமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் சுப்பிரமணியன். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். சிறுவயதிலேயே கவி பாடும் திறமைக்காக பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1897-ல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் திருமணம். அடுத்த ஆண்டு தந்தையும் காலமாக, காசிக்குப் போனார்.

திரும்பி வந்ததும் எட்டயபுரம் அரண்மனையில் வேலை. ஆனா அது நீடிக்கவில்லை. 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியர். 1908-ல் ஆங்கிலேய அரசின் கெடுபிடி அதிகரிக்க, புதுச்சேரிக்குப் போனார். அங்கே பத்து ஆண்டுகள் இருந்தார்.

குருவி, பூனை, சிங்கம்

வீட்டில் சமைக்க வைத்திருந்த அரிசியை பாரதி குருவிகளுக்குப் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். மனிதர்களில் நிறத்தால் உயர்வு தாழ்வு இல்லை என்பதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும், வேறு வேறு நிறத்தில் பிறந்த பூனைக்குட்டிகள்தான்.

1918-ல் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கடலூர் அருகே கைதானார். விடுதலைக்குப் பின் கடையத்தில் குடியிருந்தார். அந்தக் காலத்தில் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போனபோது, கூண்டுக்குள் இருந்த சிங்கத்தை பாரதி கையால் தொட்டார் என்றும், கூட இருந்த செல்லம்மாள் பதறிப்போனார் என்றும் குடும்பத்தாரின் நினைவுகள் சொல்கின்றன. சிங்கம் எதுவும் செய்யவில்லை.

திருவல்லிக்கேணியில் நடந்தது

1920-ல் மீண்டும் சென்னை, மீண்டும் சுதேசமித்திரன். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்கு பழமோ தேங்காயோ கொடுப்பது பாரதியின் வழக்கம். 1921-ல் ஒரு நாள், பழகிய அதே யானை அவரைத் தள்ளிவிட்டது. யானையின் காலடியில் விழுந்து கிடந்தவரை நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார்.

அந்தக் காயத்திலிருந்து பாரதி மீண்டார். வேலைக்குப் போனார். ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய் பேசியும் வந்தார். அதன்பிறகு வயிற்றுக்கடுப்பு நோய் வந்தது. உடல் ஏற்கெனவே பலவீனமாக இருந்த நிலையில், செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. அப்போது வயது 38. உயிரைப் பறித்தது யானை இல்லை, நோய்தான்.

ஆனா ஒரு விஷயம். அந்த யானைக்கு பாரதி மேல் கோபம் இருந்திருக்க வாய்ப்பில்லை. மனிதரிடம் பழகிவிட்டது என்பதால் ஒரு காட்டு விலங்கு வீட்டு விலங்காக மாறிவிடாது. பூனைக் குடும்பத்துக்கும் இதே கதைதான்.

இன்றைக்கு சட்டம் என்ன?

* மிருகக்காட்சி சாலையில் விலங்கைச் சீண்டுவது மட்டுமல்ல, தீனி போடுவதும் குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜெ பிரிவு இதைச் சொல்கிறது. 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

* சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. இவற்றைப் பிடித்தோ வாங்கியோ தனிநபர் செல்லப்பிராணியாக வளர்க்க முடியாது. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

* கராகல் பூனையை வெளிநாட்டு இனம் என்று நினைத்து வாங்கினாலும் சிக்கல்தான். அது இந்தியாவிலும் வாழ்வதால் இதே பாதுகாப்பு அதற்கும் உண்டு.

* சர்வல் போன்ற ஆப்பிரிக்கப் பூனைகள் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. கொண்டுவர முறையான அனுமதி வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி, கையில் கிடைத்த 30 நாளுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

* பெர்சியன் போன்ற வீட்டுப் பூனை இனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அனுமதி இருந்தால் போதுமா?

போதாது. சர்வல் ஒரே தாவலில் 2 மீட்டருக்கு மேல் எம்பும். சிறுநீர் தெளித்து எல்லை வகுப்பது அதன் இயல்பு. அதட்டி மாற்ற முடியாது. தினமும் இறைச்சி, பாதுகாப்பான பெரிய அடைப்பு, காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர், இதெல்லாம் பல வருஷங்களுக்கு வேண்டும். குட்டியாக இருக்கும்போது எடுக்கிற வீடியோ அழகாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகு அதைக் காட்டில் விட முடியாது, அதற்கு வேட்டையாடத் தெரியாது.

கரிசல் காட்டில் குட்டி கிடந்தால்?

எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் தோட்டங்களிலும் புதர்களிலும் காட்டுப்பூனை வாழும் இடங்கள் உண்டு. அறுவடை நேரத்தில் குட்டிகள் கண்ணில் படலாம். பார்க்க வீட்டுப் பூனைக்குட்டி மாதிரியே இருக்கும். பாவம் என்று வீட்டுக்குத் தூக்கி வந்தால் அதுவும் சட்டப்படி குற்றம்தான். பெரும்பாலும் தாய் பக்கத்திலேயே இருக்கும். குட்டியைத் தொடாமல் விலகி நின்று, வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.