மூலிகை மேதை லி ஷிசென்

ஆர்க்கிட் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அதன் அழகிய மலர்கள்தாம். பூங்காக்களிலும் வீட்டு மாடங்களிலும் பல வண்ணங்களில் பூத்திருக்கும் ஆர்க்கிட் மலர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் சில வகை ஆர்க்கிட்களை மருந்தாகவும் பயன்படுத்தி வருகின்றனர். சீன மருந்துக் கடைகளில் மெல்லிய துண்டுகளாக நறுக்கி விற்கப்படும் தியன்மா, அத்தகைய ஓர் ஆர்க்கிட்டின் கிழங்காகும். பழைய மருத்துவ நூல்களில் இந்தக் கிழங்கைப் பற்றி நிலவிய குழப்பத்தை நீக்கியதோடு, ஆயிரக்கணக்கான மருந்துப் பொருள்களையும் முறையாகத் தொகுத்து எழுதியவர் லி ஷிசென்.

லி ஷிசென் 1518ஆம் ஆண்டில், சீனாவின் ஹுபெய் பகுதியிலுள்ள சீசோ என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தவர். தந்தை லி யன்வென் அவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற மருத்துவர். இருப்பினும், அக்காலத்தில் மருத்துவத் தொழிலுக்குச் சமுதாயத்தில் பெரிய மதிப்பு இல்லை. அரசாங்கத் தேர்வில் வெற்றி பெற்று அதிகாரியாவதையே மக்கள் பெருமையாகக் கருதினர். தம் மகனாவது அந்த நிலையை அடைய வேண்டும் என்று தந்தை விரும்பினார்.

தந்தையின் விருப்பத்தை ஏற்று லி ஷிசென் கருத்தூன்றிப் படித்தார். தம் 14ஆம் வயதில் முதல்நிலைத் தேர்வில் தேறினார். ஆனால், அடுத்த நிலையான மாநிலத் தேர்வில் மும்முறை முயன்றும் அவரால் வெற்றி பெற இயலவில்லை.

இதற்கிடையே, அவருக்கு 20 வயதானபோது கடுமையான நோய் ஒன்று தாக்கியது. இருமல் நீங்கவில்லை; உடல் நெருப்பாய்க் கொதித்தது; உணவும் உறக்கமும் அறவே குறைந்தன. பல மருந்துகள் கொடுத்தும் ஒரு மாதத்திற்கு மேலாகியும் நோய் முற்றியதே தவிர, குறையவில்லை. அவர் பிழைக்கமாட்டார் என்றே அனைவரும் எண்ணினர். அப்போது தந்தை, முன்னோர் நூலொன்றில் படித்த குறிப்பை நினைவுகூர்ந்தார். ஹுவாங் சின் என்னும் ஒரே ஒரு வேரை நீரில் காய்ச்சி மகனுக்குக் கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் தணிந்தது, இருமலும் விட்டது. ஏற்ற மருந்தை ஏற்ற நேரத்தில் கொடுத்தால் போகவிருந்த உயிரும் மீளும் என்பதை லி ஷிசென் தம் உடலாலேயே உணர்ந்தார்.

மூன்றாம் முறையும் தேர்வில் தோற்ற பிறகு, தாம் மருத்துவராக விரும்புவதைத் தந்தையிடம் அவர் தெரிவித்தார். தந்தையும் மனமிரங்கி ஒப்புக்கொண்டார். அன்று முதல் தந்தையே அவருக்கு ஆசான் ஆனார். நாளடைவில் லி ஷிசென்னின் கைராசியும் அறிவும் பலருக்கும் தெரியவந்தன. சூ நாட்டு இளவரசர் அவரைத் தம் அரண்மனையில் பணியமர்த்தினார். பின்னர், தலைநகரிலிருந்த அரச மருத்துவக் கழகத்திலும் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆயினும், அவர் அங்கு நெடுங்காலம் தங்கவில்லை. தம் ஊருக்கே திரும்பினார்.

அவர் மனத்தை ஒரு கவலை வாட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் நம்பியிருந்த மூலிகை நூல்களில் பல பிழைகள் மலிந்திருந்தன. ஒரே செடி இரு பெயர்களில் இரு வேறு செடிகளாக எழுதப்பட்டிருந்தது. வேறுபட்ட இரு செடிகள் ஒன்றாகக் கருதப்பட்டன. உடலுக்கு வலிமை தரும் ஒரு கிழங்கும் உயிரைப் போக்கும் நச்சுச்செடி ஒன்றும்கூட ஒன்றோடொன்று குழப்பப்பட்டிருந்தன. நூலில் ஒரு பெயர் பிழையானால், எங்கோ ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே, பிழைகளைக் களைந்து ஒரு புதிய நூலை எழுத லி ஷிசென் உறுதிபூண்டார். 1552ஆம் ஆண்டில் அப்பணியைத் தொடங்கினார்.

அதற்காக அவர் 800க்கும் மேற்பட்ட நூல்களை ஆராய்ந்தார். ஏட்டறிவு மட்டும் போதாது என்பதால், மலைகளிலும் காடுகளிலும் அலைந்து திரிந்து செடிகளை நேரில் கண்டறிந்தார். உழவர், மீனவர், வேடர், விறகுவெட்டி என எளிய மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் தயங்கியதில்லை. எறும்புத்தின்னி தன் செதில்களை விரித்து எறும்புகளைச் சிக்கவைத்து, பின்னர் நீரில் இறங்கி அவற்றைத் தின்னும் என்று ஒரு பழைய நூல் கூறியது. லி ஷிசென் அவ்விலங்கின் வயிற்றை அறுத்துப் பார்த்து, உள்ளே ஏராளமான எறும்புகள் இருந்ததைப் பதிவுசெய்தார். ஊமத்தம் பூவின் மயக்கும் தன்மையை அறிய அதைத் தாமே உட்கொண்டும் பார்த்தார். பாதரசம் கலந்த மருந்து சாவை வெல்ல உதவும் என்று அரசர்களே நம்பிய காலத்தில், அது கொடிய நஞ்சு என்று அஞ்சாமல் எழுதினார்.

தியன்மா ஆர்க்கிட்டும் அவர் கவனத்தைக் கவர்ந்தது. மலைக்காடுகளில் வளரும் இச்செடி விந்தையானது. இதற்குப் பச்சை இலைகளே இல்லை. சிவந்த தண்டு மட்டும் மண்ணிலிருந்து அம்பைப்போல நேராக எழும். அதனால், பழங்காலச் சீனர்கள் இதற்குச் ‘செவ்வம்பு’ என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தனர். ஆனால், 10ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அரசாங்க மூலிகை நூல், இதன் கிழங்கைத் தியன்மா என்ற பெயரில் தனியொரு மருந்தாகச் சேர்த்துவிட்டது. அதன்பின், செவ்வம்பும் தியன்மாவும் வெவ்வேறு செடிகள் என்று பலர் எண்ணத் தொடங்கினர். சென் குவோ என்ற அறிஞர் இப்பிழையை முன்பே சுட்டிக்காட்டியிருந்தும் குழப்பம் தீரவில்லை. செவ்வம்பின் கிழங்கே தியன்மா என்று தெளிவாக விளக்கிய லி ஷிசென், தம் நூலில் அவ்விரண்டையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தார்.

தலைசுற்றல், தலைவலி, வலிப்பு, கைகால் மரத்துப்போதல் முதலியவை உடலுக்குள் எழும் ‘காற்றினால்’ உண்டாகின்றன என்பது சீன மருத்துவத்தின் கருத்து. அக்காற்றை அடக்கும் ஆற்றல் தியன்மாவுக்கு உண்டு என்று நம்பப்படுகிறது. கிழங்கைத் தோண்டியெடுத்து, வேகவைத்து, உலர்த்தி, மெல்லியதாகச் சீவிப் பயன்படுத்துவர். மீன் தலை அல்லது கோழியுடன் சேர்த்துச் சூப்பாகச் சமைப்பதும் உண்டு. இக்கிழங்கிலிருந்து காஸ்ட்ரோடின் என்னும் வேதிப்பொருளை இன்றைய அறிவியலாளர்கள் பிரித்தெடுத்து ஆராய்ந்து வருகின்றனர். இலையில்லாத இச்செடி, மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையிலிருந்தே தன் உணவைப் பெறுகிறது என்பதும் பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. அதனால்தான், அப்பூஞ்சையோடு சேர்த்து இதனைத் தோட்டங்களில் பயிரிட முடிகிறது. எந்த மூலிகையாயினும் தகுதிபெற்ற மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளுதல் கூடாது.

லி ஷிசென் தம் நூலை மும்முறை திருத்தி எழுதினார். 1578ஆம் ஆண்டில் அது நிறைவு பெற்றது. பென்சாவ் காங்மு என்னும் அந்நூல் 52 பகுதிகளைக் கொண்டது. அதில் 1,892 மருந்துப் பொருள்கள் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 374 பொருள்கள் அவரே புதிதாகச் சேர்த்தவை. 11,000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளும் 1,000க்கும் மேற்பட்ட படங்களும் அதில் இடம்பெற்றுள்ளன.

எழுதி முடித்தும் நூலை அச்சிட யாரும் எளிதில் முன்வரவில்லை. முதுமையிலும் லி ஷிசென் தொலைதூரம் பயணம் செய்து, புகழ்பெற்ற அறிஞர் ஒருவரிடம் முன்னுரை வேண்டினார். அம்முன்னுரை அவர் கைக்குக் கிடைக்க 10 ஆண்டுகள் ஆயின. அதன் பிறகே நான்ஜிங் நகரில் அச்சுப்பணி தொடங்கியது. ஆனால், 1593ஆம் ஆண்டில் லி ஷிசென் காலமானார். 1596ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தபோது, அதைக் கையில் ஏந்திப் பார்க்க அவர் இல்லை. அவருடைய மகன் அந்நூலைப் பேரரசருக்குச் சமர்ப்பித்தார்.

நாளடைவில் அந்நூல் ஜப்பான், கொரியா, ஐரோப்பா என உலகின் பல பகுதிகளையும் சென்றடைந்தது. 2011ஆம் ஆண்டில், யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. அதிலுள்ள கருத்துகள் அனைத்தையும் இன்றைய அறிவியல் ஏற்றுக்கொள்வதில்லை. எனினும், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முதுமொழிக்கு லி ஷிசென்னின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். தேர்வில் மும்முறை தோற்ற இளைஞர், தம் வாழ்வின் 27 ஆண்டுகளை ஒரே நூலுக்காகச் செலவிட்டார். முன்னோரின் எழுத்தை மதித்த அவர், அதைச் சோதித்துப் பார்க்கவும் தவறவில்லை. ஒரு செடியின் பெயரைச் சரியாக எழுதுவதும் உயிர்காக்கும் பணியே என்பதை அவர் அறிந்திருந்தார்.