குடிநீருக்காக மூழ்கிய பள்ளத்தாக்கு: ஜான் மியூர் தோற்றது ஏன்?

சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருக்கலாம். அவர் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பனி உருகிய தண்ணீர். சுமார் 270 கிலோமீட்டர் பயணம், பெரும்பாலும் பம்பு இல்லாமல், சரிவின் வேகத்திலேயே வந்து சேர்கிறது. தேசியப் பூங்காவுக்குள் எப்படி அணை கட்டினாங்கன்னு கேட்கிறீர்களா? அதைத் தடுக்கத் தன் கடைசி ஆண்டுகளைச் செலவழித்துத் தோற்றவர்தான் ஜான் மியூர்.

1838-ல் ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்தவர். 1849-ல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா கறாரான ஆள். பண்ணைக்குத் தண்ணீர் வேண்டும் என்று மகனைக் கிணறு வெட்ட இறக்கினார். மணற்பாறை, உளியும் சுத்தியலும்தான் கருவி. மாதக்கணக்கில் தனியாகக் கொத்தினார். சுமார் 80 அடி ஆழத்தில் விஷவாயு தேங்கி, மியூர் செத்துப் பிழைத்தார். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி அதே கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். தண்ணீரின் அருமை தெரியாத மனிதர் என்று பிற்காலத்தில் அவரைக் கேலி செய்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது போல.

1867-ல் இண்டியானாபொலிஸ் தொழிற்சாலை ஒன்றில் அரம் நழுவிக் கண்ணில் குத்தியது. சில வாரங்கள் இருட்டறை. பார்வை திரும்பியதும் வேலையை விட்டுட்டு, வளைகுடாக் கடல் வரை சுமார் 1,000 மைல் நடந்தார். அடுத்த ஆண்டு கலிபோர்னியா. ஆடு மேய்த்தார், மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தார், மலைகளைப் பற்றி எழுதினார். 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனதில் அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1892-ல் சியரா கிளப்பின் முதல் தலைவரானார். 1903-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு மூன்று இரவுகள் காட்டில் தங்கினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்குகளில் மியூருக்கு முன்பே பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள், விரட்டப்பட்டார்கள். அவர்களைப் பற்றி மியூர் எழுதியவற்றில் சில, இன்று படித்தால் முகம் சுளிக்க வைப்பவை.

இனி பிரச்சினைக்கு வருவோம். 1901-ல் ஒரு சட்டம் வந்தது. யோசெமிட்டி உள்ளிட்ட பூங்காக்கள் வழியாகத் தண்ணீர்க் குழாய், கால்வாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி கொண்டுபோக அரசு அனுமதி தரலாம் என்றது அது. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜேம்ஸ் ஃபீலன் மனு போட்டார். ஆனால் அவர் கேட்டது வெறும் குழாய் பதிக்கும் உரிமை இல்லை. பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்க வேண்டும் என்றார். வித்தியாசம் புரியுதா? குழாயைப் புதைத்தால் மேலே புல் முளைக்கும். அணை கட்டினால் பள்ளத்தாக்கே இருக்காது.

1903-ல் மனு நிராகரிக்கப்பட்டது. 1906-ல் பூகம்பம் வந்து நகரம் நாள்கணக்கில் எரிந்தது. தீயணைக்கத் தண்ணீர் இல்லை. ஏரிகளில் தண்ணீர் இருந்தது, நகரத்துக்குள் குழாய்கள்தான் உடைந்து கிடந்தன. ஆனால் சாம்பலுக்கு நடுவே நிற்பவர்களிடம் இந்த விளக்கம் எடுபடுமா? 1908-ல் அனுமதி கிடைத்தது.

நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று மியூர் ஒருபோதும் சொல்லவில்லை. வேறு ஆறுகள் இருக்கின்றன, இந்தப் பள்ளத்தாக்கு மட்டும் வேண்டாம் என்றார். சியரா கிளப்பே பிளந்தது. நகரவாசிகளான உறுப்பினர்கள் பலர் அணையின் பக்கம் போனார்கள். ரூஸ்வெல்ட்டின் வனத்துறைத் தலைவராக இருந்த கிஃபோர்ட் பின்ஷாவும் அந்தப் பக்கம்தான். வீணாக்காமல் பயன்படுத்துவதே பாதுகாப்பு என்பது அவர் கட்சி.

1913-ல் ராணுவப் பொறியாளர் குழு அறிக்கை தந்தது. வேறு இடங்களிலும் தண்ணீர் கிடைக்கும், ஆனால் ஹெட்ச் ஹெட்சிதான் மலிவு. ஏன் மலிவு? நிலம் அரசுடையது; தனியாரிடம் பேரம் பேசி வாங்க வேண்டியது குறைவு. எனக்குப் பட்டவரை வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் வுட்ரோ வில்சன் ரேக்கர் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு வருடம் கழித்து, 1914 டிசம்பர் 24 அன்று, நிமோனியாவில் மியூர் இறந்தார். வயது 76.

அணை 1923-ல் எழுந்தது. தண்ணீர் நகரத்தை எட்ட 1934 ஆனது. இதற்காக நகரம் மத்திய அரசுக்குக் கட்டும் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 30,000 டாலர். 2012-ல், நீர்த்தேக்கத்தை வடித்துப் பள்ளத்தாக்கை மீட்கத் திட்டம் தீட்டலாமா என்று நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நான்கில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள்.