உதைபந்தாட்டம் வளர்த்த நாகேந்திர பிரசாதர்

கற்பிட்டி முதல் உடப்பு வரை நம் கரையோரத்தில், மாலைப்பொழுதிற் சிறுவர் பந்து உதையாத மணல்வெளியைக் காண்டல் அரிது. பாடசாலை அணிகள் பொருதும் பருவம் வந்துவிட்டாலோ, புத்தளத்திற் பேச்செல்லாம் அதுவே. இவ்விளையாட்டை ஆங்கிலேயர் கொணர்ந்தனர் என்பதை யாவரும் அறிவர். அதனைக் கீழ்த்திசை மாணாக்கர் தமதாக்கிக்கொண்ட வரலாற்றை அறிந்தார் சிலரே. அவ்வரலாற்றில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கல்கத்தா நகரத்து நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி.

சர்வாதிகாரி என்னுஞ் சொல் நம்மிடையே கொடுங்கோலரைக் குறிக்கும். வங்கத்திலோ அஃதொரு குடிப்பெயர். நம் நாகேந்திரர் குணத்தால் அச்சொற்பொருளுக்கு முற்றிலும் மாறானவர். 1869இல் பிறந்தார். தந்தையார் சூரியகுமாரர் பெயர்பெற்ற மருத்துவர். உடன்பிறந்தாராகிய தேவபிரசாதர் பிற்காலத்திற் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயினார்.

1877இல், தாயாருடன் கங்கையில் நீராடச் செல்லும் வழியில், வெள்ளையர் திடலிற் பந்தாடுதலைச் சிறுவர் நாகேந்திரர் கண்டு நின்றார் என்றும், தம்பால் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பினார் என்றும் கூறுவர். அன்று பற்றிய ஆசை விடவில்லை. ஹேர் பாடசாலைத் தோழரிடம் காசு திரட்டிப் பந்தொன்று வாங்கினார். வாங்கியதோ முட்டை வடிவான றக்பிப் பந்து! அதனோடு பிள்ளைகள் படும் பாட்டை அயலிலிருந்த பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் கண்டார். எள்ளி நகையாடாது, உருண்டைப் பந்து கிடைக்கச்செய்து, ஆடும் முறையையும் கற்பித்தார். பாடவேளைக்குப் புறத்தே ஓர் ஆசிரியர் செலவிட்ட அச்சிறுபொழுது என்ன பயன் விளைத்தது என்பதை நம் ஆசிரிய நேயர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

பள்ளிச் சிறுவர் குழு ஒன்றாய்த் தொடங்கியது, பின் கல்லூரி மாணாக்கரிடையே பல கழகங்களாய்க் கிளைத்தது. அவற்றுட் சிறந்தது வெல்லிங்டன் கழகம். நாகேந்திரர் வாழ்வின் பெருஞ்சோதனையும் ஆங்கேதான் நேர்ந்தது. மணி தாஸ் என்னும் இளைஞரை அவர் கழகத்திற் சேர்க்க முற்பட்டார். மணி தாஸ் குயவர் மரபினர். உயர்குலத்தாராகிய உறுப்பினர் பலர் அவரோடு ஒருங்கு ஆட ஒருப்படவில்லை. கற்றவர், செல்வர், இளமை முதற் பழகிய நண்பர் எல்லாரும் ஒருபுறம். குயவர் மகன் ஒருவன் மறுபுறம். இத்தகைய இடத்திற் பெரியோர் பலரும் காலம் கனியட்டும் என்று ஒதுங்கிவிடுவர். நாகேந்திரரோ தாம் அரும்பாடுபட்டு வளர்த்த கழகத்தையே கலைத்துவிட்டார். பின்னர் சோவாபசார் அரச குடும்பத்தின் துணையோடு புதிய கழகம் கண்டார். சாதி வேறுபாடு அங்கே நுழைய இடமில்லை. அதில் முதல் உறுப்பினராய்ப் பதியப்பெற்றவர் மணி தாசரே என்பர்.

இக்கழகம் 1892இல் டிரேட்ஸ் கிண்ண ஆட்டமொன்றில் ஆங்கிலப் படையணியாகிய கிழக்குச் சரே அணியை இரண்டுக்கு ஒன்று என்னுங் கணக்கில் வென்றது. இந்தியர் குழுவொன்று ஆங்கிலப் படையினரைப் போட்டியொன்றில் வென்றது அதுவே முதன்முறை என்பர். நாடெங்கும் புகழ்பெற்ற வெற்றி 1911இல் மோகன் பகான் கழகத்துக்கு வாய்த்தது. கிழக்கு யோக்சயர் படையணியை வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயங் கொண்ட அப்பதினொருவருட் பதின்மர் வெறுங்காலினர். அந்நாளில் நாற்பத்திரண்டாம் வயதை அணுகியிருந்த நாகேந்திரர், 1940இல் காலமானார்.