எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடக் கற்பித்த மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்)

நமது காவிரிக்கரை ஊர்களில் நடவு காலம் வந்துவிட்டால், வரப்பில் வழுக்கிக் கை ஒடிந்தவர், களத்துமேட்டில் இடறி மணிக்கட்டுப் பிசகியவர் என யாராவது ஒருவர் கட்டோடு பள்ளிவாசலுக்கு வருவதைக் காண்கிறோம். உளுந்து மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஏறக்குறைய இதே பற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமது கிதாபில் எழுதி வைத்தவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள். மாவு மில்லின் சுவரில் படியும் மெல்லிய மாவுத் தூசியை வெள்ளைக்கருவில் பிசைந்து பூசும்படி அன்னார் எழுதினார்கள்.

அன்னார் பிறந்தது ஸ்பெயின் நாட்டில், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரில், சுமார் கி.பி. 936-ல். மதீனாவின் அன்ஸாரிகள் வழிவந்த குடும்பம். வாழ்க்கைக் குறிப்புகள் மிகச் சொற்பமே. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வைத்தியம் செய்து, அந்த அனுபவத்தை "அத்தஸ்ரீஃப்" என்ற 30 பாகங்கள் கொண்ட நூலாக்கினார்கள். கடைசிப் பாகம் அறுவை வைத்தியத்துக்குரியது. அதில் சுமார் 200 கருவிகளின் படங்களும் உண்டு. அதன் மூன்றாம் பகுதி முழுவதும் எலும்பு முறிவும் மூட்டு நழுவலும்தான்.

எலும்பு, நரம்பு, தசை ஆகியவற்றின் அமைப்பை அறியாதவன் கத்தியைத் தொடக்கூடாது என்பதில் அன்னார் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள். மாணவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்து எழுதிய அந்த நூலில், அறியாத வைத்தியர்களால் உயிரிழந்தவர்களின் சம்பவங்களையும் மறைக்காமல் சேர்த்தார்கள். நம் மார்க்கச் சட்டமும் இதையே சொல்கிறது. வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்து கேடு விளைவித்தவன் அதற்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூது முதலிய ஹதீஸ் கிதாபுகளில் காணப்படும் தீர்ப்பு.

கட்டைப் பற்றி அன்னார் எழுதியதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். கட்டு அதிகம் இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. வீக்கம் இருந்தால் அது வடிந்தபின் கட்ட வேண்டும். கட்டியபின் வலியோ வீக்கமோ மிகுந்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். முறிந்த இடத்தில் புண் இருந்தால், மருந்து வைக்க அவ்விடத்தைத் திறந்து விட்டுக் கட்ட வேண்டும்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. என் சகோதரியின் மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முழங்கைக்கு மேலே முறிவு. பக்கத்து ஊரில் ஒருவர் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். அன்றிரவு முழுதும் பிள்ளை கதறினான். வலி இருக்கத்தான் செய்யும் என்று நாங்களும் பொறுத்திருந்தோம். விடிந்து பார்த்தால் விரல்கள் நீலம் பாரித்து, தொட்டாலும் உணர்வில்லை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துச் சிகிச்சை செய்தார்கள். கை தப்பியது, விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. இரத்த ஓட்டம் நின்ற தசை ஆறு மணி நேரத்துக்குள் அழியத் தொடங்கிவிடுகிறது என்று அங்கேதான் கேட்டறிந்தேன். ஆகவே கட்டு யார் போட்டிருந்தாலும் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருங்கள். நிறம் மாறினாலோ, மரத்தாலோ, விரலை நீட்டினால் வலி உயிர் போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை.

வேறொரு தவறும் நடக்கிறது. ஒளுச் செய்வதற்காகச் சிலர் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்ப்பதால் கேடு வருமென்றால் கட்டின்மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்துகொள்ள மார்க்கம் இடமளிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மமும் சேர்த்துச் செய்ய வேண்டும். விவரத்தை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1010-ல் உள்நாட்டுக் கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. சுமார் 1013-ல் அன்னார் வஃபாத்தானார்கள். நகரம் அழிந்தாலும் நூல் அழியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைதுலாவில் ஜெரார்டு என்ற இத்தாலியர் அதன் அறுவைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அதை ஓதினார்கள். 1778-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் அச்சேறியது. ஐரோப்பியர் நாவில் அன்னாரின் பெயர் அல்புகாஸிஸ் என்று திரிந்தது. குர்துபாவில் ஒரு தெரு அப்பெயரோடு இருக்கிறது.