கண்ணொளி தந்த கோணல் விரல்கள்

எட்டயபுரம் என்றால் நம் எல்லோருக்கும் பாரதியார் நினைவுதான் வரும். அதே வட்டாரத்தில், இன்று நமது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அவர் படித்த கிராமப் பள்ளியில் தாளும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார். அந்த விரல்களைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்து போனதைச் சிறுவயதில் அறிந்த அவர், பேறுகால மருத்துவராக வேண்டும் என்று உறுதி பூண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பின் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் டாக்டர் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதை நெருங்கும்போது கொடிய முடக்குவாதம் தாக்கியது. ஓராண்டுக்கு மேல் படுத்த படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் கோணி, மூட்டுகள் மடங்காமல் போயிருந்தன. பேனா பிடிக்கவே முடியவில்லை. பிரசவம் பார்க்கும் ஆசை அத்தோடு முடிந்தது.

பிறகு அவர் தேர்ந்தெடுத்த துறை எது தெரியுமா? கண் மருத்துவம்! எனக்கு இதுதான் பெரிய வியப்பு. கருவிழிப் படலத்தின் தடிப்பு சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதை அறுக்கும் கை மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும். மென்மையான விரல் உடையவர்களே அஞ்சும் வேலை அது. கை இனி மாறப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆகவே தம் கோணல் விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை வடிவமைத்துக் கொண்டார். சிறுகத்தியைப் பிடித்து அறுக்க, எழுதப் பழகும் குழந்தையைப் போல மீண்டும் மீண்டும் பயின்றார். காலப்போக்கில் ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்யும் திறமை பெற்றார். வாழ்நாளில் அவர் கைகளால் செய்தவை ஒரு லட்சத்துக்கும் மேல்.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்தபோது, 1960 முதல் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1976-இல் ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கவில்லை. தங்கை, தம்பி முதலிய குடும்பத்தாரைத் துணைக்கொண்டு, பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணத்துக்கு வீட்டை அடகு வைத்தார். அங்கே அறுவைக் கூடத்தில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார். உருப்பெருக்கியை அப்பக்கம் திருப்பிவிட்டு மருத்துவர் உடனே அடுத்த கண்ணைத் தொடங்குவார். பணம் கொடுக்க இயன்றவர் கொடுத்தனர். ஏழைகளுக்கு இலவசம்.

அந்நாளில் கண்புரையை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடி அணிய வேண்டும். அது உடைந்தால் உப்பளத்துக் கூலிக்காரர் என்ன செய்வார்? மறுபடியும் தடவித் தடவித்தான் நடக்க வேண்டும். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் நூறு டாலர் அளவில் விற்றது. ஏழைகளுக்கு எட்டாத விலை. அதை நாமே செய்வோம் என்று 1992-இல் ஆரோலேப் தொழிற்சாலை மதுரையில் எழுந்தது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. என் பாட்டியின் கண்ணிலும் அப்படியொரு லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி இல்லாமலே அரிசியில் கல் பொறுக்குகிறார். என் எழுத்துப் பிழைகளையும் கண்டுபிடிக்கிறார்!

திருமணமே செய்துகொள்ளாத டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ஆம் நாள், தமது 87-ஆம் வயதில் மதுரையில் காலமானார். ஆரோலேப் லென்சுகள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.